பாஸ்பேட்டும் பச்சைப் பாசியும்

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருஷம் நான் அமெரிக்காவிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் நம் செயலாளர் போன் செய்தார். "எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பத்தியும் பேரப்பிள்ளைகளைப் பத்தியும் பேசறாங்க. நீங்க ஏதாவது வித்தியாசமா பேசுங்களேன்" என்றார். வீட்டில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "அரை மணி நேரமும் மீனைப் பத்தியா?" என்று தயங்கினார். "மீனைப் பத்தி இல்லீங்க, பாஸ்பேட்டைப் பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி வெச்சிடறேன்" என்றார். ஆகவே நீங்கள் பசியோடு இருக்கும் நேரத்தில் பேசுகிறேன். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

1978-81 வேதியியல் வகுப்பு நண்பர்களுக்கு பாஸ்பேட் என்றதும் ஞாபகம் வருவது சால்ட் அனாலிசிஸ் ப்ராக்டிகல்தான். சோதனைக் குழாயில் கரைசலை எடுத்து, அடர் நைட்ரிக் அமிலம் விட்டு, அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து லேசாகச் சூடு காட்டினால் குருவி மஞ்சளில் ஒரு வீழ்படிவு வரும். அது வந்துவிட்டால் நம் முகம் கறுத்துவிடும். காரணம், பாஸ்பேட் ஒரு இடையூறு செய்யும் அமில உறுப்பு. அதை விலக்காமல் மூன்றாம் குரூப்புக்குப் போனால் அத்தனை முடிவும் தப்பாகிவிடும். ஃபெரிக் குளோரைடு போட்டு பாஸ்பேட்டை இரும்போடு கட்டிப் படியவைத்து வடிகட்டுவோம். "துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது" என்று டெமான்ஸ்ட்ரேட்டர் பின்னால் நின்று சொல்வார். அந்தப் பாடத்தை நான் நன்றாகப் படித்தேன். கொஞ்சம் அதிகமாகவே நன்றாகப் படித்துவிட்டேன் என்பதுதான் இன்றைய கதை.

தொட்டி என்னுடையது அல்ல, என் மகளுடையது. ஸ்கூல் படிக்கும்போதே அவளுக்கு இதில் பைத்தியம். சாதாரண மீன் தொட்டி இல்லை. கடல் உப்பு நீர், 300 லிட்டர், நடுவில் கல், கல்லின்மேல் உயிருள்ள பவளங்கள். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். இது பிராணி. குட்டிக் குட்டிப் பூப்போன்ற ஆயிரக்கணக்கான பிராணிகள் சேர்ந்து சுண்ணாம்பில் வீடு கட்டி வாழ்கின்றன. அவற்றில் கிளை கிளையாக மான்கொம்பு போல வளரும் அக்ரோபோரா என்ற வகை மிகவும் நோஞ்சான் சுபாவம். ஒரு விரல் நீளத் துண்டாக வாங்கி, மூன்று வருஷத்தில் அதை ஒரு தேங்காய் அளவுக்கு வளர்த்திருந்தாள்.

2016 ஆகஸ்டில் அவள் கல்லூரிக்குப் புறப்பட்டாள். ஹாஸ்டலில் 300 லிட்டர் கடலை வைக்க முடியுமா? "அப்பா, நீங்க பாத்துக்கோங்க. சந்தேகம் இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள். வேதியியல் பட்டதாரியாகிய நான், உப்புத் தண்ணீரைப் பற்றி இவளிடம் என்ன சந்தேகம் கேட்பது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிள்ளை போனதும் வீடு வெறிச்சோடிப் போயிற்று. நானும் மனைவியும் மீன்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தோம். காலையில் நான் போடுவேன். நான் போட்டது தெரியாமல் அவள் போடுவாள். தெரிந்தும் போடுவாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "பாவம், கண்ணாடிகிட்ட வந்து பாக்குதுங்க" என்பாள். இது போக, தொட்டிக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. கருவியின் வடிகட்டிகள் காலாவதியாகியிருந்தன. அதைக் கவனிக்காமல், அவசரத்துக்கு இரண்டு மூன்று தடவை குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன்.

தீபாவளி வாக்கில் கல்லின்மேல் பச்சையாக ஒரு மென்மை தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. நவம்பர் முடிவில் அது இரண்டு அங்குலத் தலைமுடியாக வளர்ந்து அலையடித்தது. மனைவி ஒருநாள் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, நம்ம ஊர்க் கோயில் குளம் மாதிரி ஆயிடுச்சே" என்றாள்.

பாஸ்பேட்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டுச் சோதித்தேன். நம் பழைய மாலிப்டேட்தான் இதிலும். பாஸ்பேட்டோடு சேர்ந்த மாலிப்டேட்டை அஸ்கார்பிக் அமிலத்தால் ஒடுக்கினால் நீல நிறம் வரும். நீலத்தின் அடர்த்தியை அளந்தால் பாஸ்பேட் அளவு தெரியும். மர்ஃபி, ரைலி என்ற இருவர் 1962-ல் வெளியிட்ட முறை அது. என் சோதனையில் நீலமே வரவில்லை. பாஸ்பேட் பூஜ்யம்! அப்படியானால் பாஸ்பேட் குற்றவாளி இல்லை என்று முடிவு கட்டினேன். இது என் முதல் தப்பு.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தண்ணீரில் பாஸ்பேட் இல்லை என்றால் தொட்டியில் பாஸ்பேட் இல்லை என்று அர்த்தமில்லை. வரவர அத்தனையையும் பாசி தின்றுகொண்டிருந்தது. பர்ஸில் காசு இல்லாதவன் வருமானம் இல்லாதவன் என்று சொல்லிவிட முடியுமா? செலவாளியாகவும் இருக்கலாம் அல்லவா? பாசியைக் கையால் பிடுங்கி இரண்டு வாளி அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து சின்னக் கலரிமீட்டர் ஒன்றில் அளந்தேன். 130 என்று காட்டியது. அந்தக் கருவி பாஸ்பரஸாக அளக்கும், பாஸ்பேட்டாக அல்ல. பாஸ்பரஸ் 31, பாஸ்பேட் 95. ஆகவே 3.06-ஆல் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் பாஸ்பேட். பவளத்திட்டு உள்ள கடலின் மேல்நீரில் பொதுவாக 0.02-க்கும் கீழேதான் இருக்கும். இருபது மடங்கு!

பாசி ஒரு பக்கம் இருக்கட்டும். பாஸ்பேட் மிகுந்தால் பவளத்துக்கு நேரடியாகவே கெடுதல் உண்டு. கால்சியம் கார்பனேட் படிகம் வளரும் இடத்தில் பாஸ்பேட் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த அடுக்கு உருவாக விடாமல் தடுக்கிறது. பவளம் வீடு கட்ட முடியாமல் திணறும்.

உடனே எனக்குள் இருந்த சால்ட் அனாலிசிஸ் மாணவன் விழித்துக்கொண்டான். கடையில் இரும்பு ஆக்சைடு துகள் விற்கிறார்கள். ஒரு சின்னக் குழாயில் போட்டு அதன் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டால் பாஸ்பேட் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். ஃபெரிக் குளோரைடு செய்த அதே வேலை! பொட்டலத்தில் போட்டிருந்த அளவைவிட மூன்று மடங்கு போட்டேன். "துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது" அல்லவா! நான்கே நாளில் 0.4 என்பது கருவியால் அளக்க முடியாத அளவுக்கு இறங்கியது. மகளுக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

ஆறாம் நாள் காலை, அக்ரோபோராவின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. சதை உரிந்து எலும்பு வெளியே வந்திருந்தது. மறுநாள் பாதி. அதற்கு அடுத்த நாள் நுனிகள் மட்டும் பச்சை, மீதியெல்லாம் சுண்ணாம்பு. கூடவே மணல்மேல் காற்றுக் குமிழோடு பழுப்பு நிறத்தில் ஒரு கோழை படர்ந்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் அது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அற்றுப்போன தொட்டிகளில், போட்டிக்கு ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வரக்கூடியது. அதில் சில வகைகளுக்கு விஷம் உண்டு. என் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

எங்கே தப்பு? பவளத்தின் சதைக்குள்ளேயே பாசி இருக்கிறது. ஒற்றைச் செல் பாசி. வெளிச்சத்தில் சர்க்கரை செய்து பவளத்துக்குச் சோறு போடுவதே அதுதான். அதற்கும் பாஸ்பேட் வேண்டும், பவளத்துக்கும் வேண்டும். டி.என்.ஏ-வும் ஏ.டி.பி-யும் பாஸ்பரஸ் இல்லாமல் ஏது? 2013-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போகும் பவளங்கள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் எளிதாக வெளுத்துவிடுகின்றன என்று காட்டினார்கள். பாஸ்பேட்டை மெல்லக் குறைத்தால் பவளம் பழகிக்கொள்ளும். நான் நாலு நாளில் பட்டினி போட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வந்தாள். நான் முன்கூட்டியே சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு போட்டீங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தரிக்கோல் மாதிரி ஒரு கருவியை எடுத்து, உயிரிருந்த நுனிகளில் நான்கை வெட்டி, சூப்பர் க்ளூ பசையால் சின்னக் கல்துண்டுகளில் ஒட்டி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க கெமிஸ்ட்ரி படிச்சீங்க. ஆனா இது பயாலஜி" என்றாள். (விலங்கியல் துறை நண்பர்கள் இப்போது கை தட்டலாம்.) நான்கில் மூன்று செத்துப்போயிற்று. ஒன்று பிழைத்தது.

அந்த ஒன்றைக் காப்பாற்ற நான் செய்ததுதான் இனிச் சொல்லப்போவது. இரும்புத் துகளை எடுத்துவிட்டேன். பத்து நாளில் பாஸ்பேட் 0.15-க்குத் திரும்பி வந்து நின்றது. யாரும் போடவில்லை, கல்லிலிருந்து வந்தது! பாஸ்பேட் மிகுந்த காலத்தில் சுண்ணாம்புக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. தண்ணீரில் குறைந்ததும் திருப்பித் தருகிறது. ஆகவே தண்ணீரைச் சுத்தம் செய்தால் போதாது, கல்லின் பழைய பாக்கியையும் தீர்க்க வேண்டும். அது மாதக்கணக்கு வேலை. பாஸ்பேட் மீண்டதும் பழுப்புக் கோழை, உறிஞ்சி உறிஞ்சி எடுத்ததில், இரண்டு மாதத்தில் அடங்கியது.

இந்தத் தடவை மகள் சொன்னபடி ஒரு நோட்டு போட்டேன். ரெக்கார்ட் நோட் அல்ல, வரவு செலவு நோட்டு.

வரவு எங்கிருந்து? பெரும்பங்கு சாப்பாடு. காய்ந்த மீன் தீனியில் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது ஏறக்குறைய 31 மில்லிகிராம் பாஸ்பேட். 300 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 0.1. ஒரே நாளில்! நாங்கள் இருவரும் போட்டிப் போட்டுக்கொண்டு போட்டது எத்தனை கிராமோ!

இரண்டாவது வரவு குழாய்த் தண்ணீர். அமெரிக்காவில் பல நகரங்களில், பழைய ஈயக் குழாய்கள் அரிக்காமல் இருக்கக் குடிநீரில் வேண்டுமென்றே பாஸ்பேட் கலக்கிறார்கள். அது குழாயின் உள்சுவரில் படலமாகப் படிந்து ஈயம் கரையாமல் காக்கிறது. 2014-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம் நீர் ஆதாரத்தை மாற்றியபோது இப்படி அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்காமல் விட்டதால், ஈயம் குடிநீரில் கலந்து பெரிய விபரீதமாயிற்று. பாஸ்பேட் பொல்லாதவன் இல்லை, இடம்தான் முக்கியம். தொட்டியில் ஆவியாவது வெறும் தண்ணீர். அதற்குப் பதில் குழாய்த் தண்ணீர் விட்டால் பாஸ்பேட் சேர்ந்துகொண்டே போகும்.

சரி, செலவு? 0.4 இருக்கும்போது 300 லிட்டரில் மொத்தம் 120 மில்லிகிராம். அதில் 30 லிட்டரை மாற்றினால் போவது 12 மில்லிகிராம். ஒரு நாள் தீனியில் வருவது 31! வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிப் பாசியை ஒழிக்கிறேன் என்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாற்றுவது வேறு பல காரணங்களுக்கு நல்லது. பாஸ்பேட்டுக்கு அது மட்டும் போதாது.

ஆகவே இப்படிச் செய்தேன். ஆர்.ஓ. வடிகட்டிகளைப் புதிதாக்கினேன்; கரைதிண்மம் காட்டும் மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் தண்ணீர் உள்ளே போகும். தீனியை நிறுத்துப் போட்டோம். டப்பா சாவி என்னிடம். மீன்கள் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். ஸ்கிம்மர் என்ற நுரைக் கருவியைத் துலக்கி ஒழுங்காக ஓடவிட்டேன்; கழிவு மக்கி பாஸ்பேட்டாக மாறும் முன்பே நுரையோடு அள்ளிவிடும். வாரம் ஒருமுறை, பல் துலக்கும் பிரஷ்ஷும் ரப்பர் குழாயுமாக உட்கார்ந்து பாசியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

வெளியே எறிவது முக்கியம். மஞ்சள் டாங் மீன், நத்தை, கடல் முள்ளெலி எல்லாம் பாசியை மேயும், அவையும் வேண்டும். ஆனால் மீன் தின்றால் பாசி போகும், பாஸ்பேட் போகாது. பெரும்பகுதி கழிவாகத் தண்ணீருக்கே திரும்பும். தவிர, இரண்டு அங்குலம் வளர்ந்த முடியை நத்தை தொடாது. நாம் முடி வெட்டிவிட வேண்டும், பிறகு அது சவரம் செய்யும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, பாசியை வைத்தே பாசியை வெல்வது. தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப் இருக்கிறது. நம் வீட்டு சம்ப் போலத்தான், கொஞ்சம் சின்னது. அதில் கீட்டோமார்ஃபா என்ற, சிக்குப் பிடித்த மீன்வலை போன்ற பாசியை விட்டு, இரவில் மட்டும் விளக்குப் போட்டேன். அது வளர வளரத் தண்ணீரிலுள்ள பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைப்பிடி அள்ளி எறிந்தால் அதுவே செலவுக் கணக்கு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஆடி என்ற அறிஞர் 1980-களில், வலைத்தட்டில் பாசி வளர்த்துச் சுரண்டியெடுத்து பவளத்தொட்டி நீரைச் சுத்தம் செய்து காட்டியதும் இந்தத் தத்துவம்தான்.

இரும்புத் துகளையும் மறுபடி உபயோகித்தேன். பொட்டலத்தில் போட்ட அளவில் கால் பங்கு. வாரம் இரண்டு அளவீடு. 0.15, 0.13, 0.14, 0.11 என்று ஏறியும் இறங்கியும் போயிற்று. 2017 ஆகஸ்டில் 0.06-ல் நின்றது. அங்கேயே நிறுத்திவிட்டேன். கல்லில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்தது. பச்சை முடி ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

வீட்டுத் தொட்டியில் நான் கண்டதைக் கடல் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் கனியோஹே விரிகுடாவில் பல ஆண்டுகள் சாக்கடை நீர் விட்டார்கள். குமிழ்ப் பாசி பவளங்களை மூடியது. 1977-78-ல் சாக்கடையை ஆழ்கடலுக்குத் திருப்பிவிட்டதும் பாசி குறைந்தது. இது வரவைக் குறைத்த கதை. ஜமைக்காவில் நடந்தது வேறு. பாசி மேயும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-ல் பெரும்புயல் பவளங்களை நொறுக்கியது. 1983-84-ல் கரீபியன் கடல் முழுவதும் கறுப்புக் கடல் முள்ளெலிகள் நோயில் மடிந்தன. மேய ஆளில்லை. 1977-ல் நூற்றில் 4 பங்காக இருந்த பாசி 1993-ல் 92 பங்காயிற்று. 50-க்கு மேல் இருந்த பவளம் 5-க்கும் கீழே போயிற்று. ஆகவே, பாஸ்பேட்டை மட்டும் பார்த்தாலும் தப்பு, மேய்ப்பவர்களை மட்டும் நம்பினாலும் தப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு யாரும் ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பவளம் தேடாதீர்கள். 2001 முதல் கல் பவளங்கள் எல்லாம் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும். விலங்கியல் நண்பர்கள் மண்டபம் டூர் போய்ப் பார்த்த மன்னார் வளைகுடாவிலேயே, வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே போனால் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.

என் ஆசிரியர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்த சோதனையில் தப்பில்லை. குழாயில் இருப்பதைத் துளி மிச்சமில்லாமல் விலக்கத்தான் வேண்டும். உயிர் உள்ள இடத்தில் அந்தப் புத்தியைக் கொண்டுபோனது என் தப்பு. அங்கே விலக்குவது வேலையில்லை. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தினம் பார்ப்பதும், மெதுவாகச் செய்வதும்தான் வேலை. நாற்பது வயதில் தெரிந்திருக்க வேண்டியது, ஐம்பத்தைந்துக்கு மேல் மகளிடம் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பிழைத்த ஒற்றை நுனி இப்போது இரண்டு கை விரித்தாலும் அடங்காத அளவுக்கு வளர்ந்திருக்கிறது. மகள் வேலைக்குப் போய்த் தனி வீடு எடுத்த பிறகு, அதிலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டிக்கொண்டு போனாள். வாரம் ஒருமுறை போனில், "உங்க பாஸ்பேட் எவ்வளவுப்பா?" என்று கேட்கிறாள். நானும் "உன்னுது எவ்வளவு?" என்று கேட்கிறேன். சென்ற வாரம் இங்கே புறப்படும் முன், தீனி டப்பா சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.